எங்கள் காலி மனைக்கு வந்த தரைக்கடைகள்

ராஜபாளையத்தில் என் வீட்டை ஒட்டித் தெற்கே ஒரு காலி மனை இருக்கிறது. அப்பா வாங்கிப் போட்டது. முன்பு அதில் பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோதே அதற்குக் கூரை கிடையாது. பிறகு ஒரு மழையில் சுவரும் உட்கார்ந்துவிட்டது. அப்பாவுக்குப் பின் மனை எனக்கும் அண்ணனுக்கும் பொதுவில் வந்தது. விற்பதா, பிரிப்பதா, வீடு கட்டுவதா என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மத்தியானமும் பேச்சை எடுப்போம். பிரியாணி முடிந்து பாயசம் வருவதற்குள் அந்தப் பேச்சும் முடிந்திருக்கும்.

அண்ணன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணியின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். நான் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கி வந்தவள். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மகள் பெங்களூரில். ஆகவே மனையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் சமையலறை ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. காலையில் காப்பி போடும்போது ஒரு பார்வை, சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஒரு பார்வை.

அந்தப் பார்வையில் மனை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. பின்தெருக்காரர்கள் வற்றல் காயப் போடுவார்கள். ஆடுகள் வரும். மூலையில் இருந்த கருவேலம் புதருக்குள் ஊரே குப்பையை வீசும். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கேதான் பெண்களுக்கு ஸ்கூட்டரில் எட்டுப் போடச் சொல்லிக் கொடுப்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். "மெல்லகா, மெல்லகா! பிரேக்கப் பிடிங்கம்மா!" என்று அவர் போடும் சத்தத்தை வைத்தே மணி பத்தாகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். யாரும் எங்களிடம் அனுமதி கேட்டதில்லை. நாங்களும் யாரையும் போகச் சொன்னதில்லை.

ஒருநாள் காலை நகரமைப்பு ஆய்வாளர் வீட்டு வாசலில் வந்து நின்றார். குப்பைக்காகத்தான் நோட்டீஸ் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "அடுத்த வாரம் ஆள் விட்டு வெட்டிருதேன் சார்" என்று நானே முந்திக்கொண்டேன்.

"அதுக்கு இல்லம்மா. ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்" என்றார் அவர். நாற்பது வயது இருக்கும். வெயிலில் அலைந்து கறுத்த முகம். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

பழைய காய்கறிச் சந்தையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். உள்ளே கடை வைத்திருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு மைதானம் ஒதுக்கியாயிற்று. ஆனால் சந்தை வாசலில் தரையில் சாக்கு விரித்து விற்கிற பெண்கள் இருக்கிறார்களே, மம்சாபுரத்திலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் காலை பஸ்ஸில் கூடையோடு வருகிறவர்கள், அவர்களால் அவ்வளவு தூரம் போக முடியாது. ரோட்டோரம் உட்கார்ந்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இடம் வேண்டும். அப்படி ஊருக்குள் சும்மா கிடக்கும் மனைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்ததில் எங்களுடையது தோதாக இருந்ததாம்.

"காலையில வருவாங்க, மத்தியானத்துக்குள்ள போயிருவாங்க. முள்ளு வெட்டி மட்டம் பண்றது எங்க பொறுப்பு. தண்ணித் தொட்டி, கழிப்பறை வண்டி, கூட்டுறதுக்கு ஆளு எல்லாம் நாங்க தாரோம். எழுத்துல ஒப்பந்தம் போட்டுக்கலாம். புதுச் சந்தை தெறந்ததும் இடம் உங்க கைக்கு வந்திரும்."

எனக்கு அவர் பேசியது பிடித்திருந்தது. ஆனால் மனை எனக்கு மட்டும் உரியதில்லையே. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?" என்பதுதான் அவர் முதல் வார்த்தை. "உள்ள விடுறது லேசு. வெளிய யாரு அனுப்புதது? இன்னைக்கு சாக்கு விரிப்பாக, நாளைக்கு நாலு கம்பு நடுவாக, பொறவு தகரம் வரும், கரண்டு வரும். நாம கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கணும். நான் முள்ளுக்கம்பி வாங்கிட்டு வாரேன். சுத்திக் கட்டிருவோம்."

சொன்னபடியே மறுநாள் வந்தார். கம்பிச் சுருளை ஆட்டோவிலிருந்து இறக்கி என் வராந்தாவில் போட்டார். இட்லி சாப்பிட்டார். ராணுவத்தில் தாங்கள் போட்ட கூடாரங்களைப் பற்றிப் பேசினார். ஒரு ஊரே முளைத்த மாதிரி இருக்குமாம். கிளம்பும்போது ஒரு ஆணி மிச்சம் இருக்காதாம். "அது ஒழுங்கு. சிவில் ஆளுககிட்ட அது வராது" என்றார்.

அப்போதுதான் நான் கேட்டேன். "அண்ணே, ஆடித் தேருக்கு ஒங்க வீட்டுப் பக்கத்து மனைய வருசா வருசம் யாருக்கு விடுதீக?"

அண்ணன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பக்கவாட்டில் அவருக்கு ஒரு சின்ன மனை உண்டு. தேர்ச் சமயத்தில் அதில் வளையல்காரர்களும் பொம்மைக்காரர்களும் வந்து இறங்குவார்கள். அண்ணி அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வைப்பாள். கூட்டம் கலைந்ததும் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அது தேரு. நாலு நாள் சமாச்சாரம்" என்றார் அண்ணன்.

"போனாகளா இல்லையா?"

"போனாக."

"அவகளும் சிவில் ஆளுகதான?"

அண்ணன் இன்னொரு இட்லி வைக்கச் சொன்னார். மத்தியானம் ஆய்வாளரை வரச் சொல்லி, அவரை மனைக்கு நடுவில் நிற்க வைத்து, வெகுநேரம் கேள்வி கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு கம்புகூட நடக்கூடாது. குடையோ சாக்கோ எதுவானாலும் காலையில் வந்தது மத்தியானம் திரும்பிப் போய்விட வேண்டும். ஆய்வாளர் சம்மதித்தார். கம்பிச் சுருள் என் வராந்தாவிலேயே கிடந்தது.

முள் வெட்ட வந்த இயந்திரம் ஒரே பகலில் வேலையை முடித்தது. ஜன்னலில் பார்த்தபோது மனை இவ்வளவு பெரிதா என்று இருந்தது. தரைக்கடைகள் வந்த முதல் காலையில் அண்ணன் விடிவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருந்தார். நேர்கோடு. அதில் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள்.

கூடைகளோடு வந்த பெண்கள் கோட்டைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் ரோட்டோர வரிசைக்கு ஓடினார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடம் அதுதான். கீரைக்கட்டுகள் ஒரு பக்கம், தக்காளிக் கூடை ஒரு பக்கம், நடுவில் வார்த்தைகள். "நான் மொதல்ல வந்தேன்", "ஒன் அப்பன் வீட்டு எடமா?" என்று சத்தம் ஏறியது.

அண்ணன் விசில் ஊதினார். நிஜ விசில், பையில் வைத்திருந்திருக்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது எங்க அப்பன் வீட்டு எடம்" என்றார். ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "கேளுங்க. இன்னைக்கு முன்னால இருக்கவக அடுத்த வாரம் கடைசி வரிசைக்குப் போகணும். பின்னால இருக்கவக ஒரு வரிசை முன்னால வரணும். வாராவாரம் இப்படியே மாறும். யாருக்கும் நட்டம் கிடையாது. சம்மதமா?"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். மம்சாபுரத்துக்காரர். கீரையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம், ஆனால் குரல் என்னைப்போல நாலு பேருக்கு வரும். "மிலிட்டரி அய்யா சொல்லுதது சரிதான். இந்த வாரம் நான் கடைசில உக்காந்துக்கிடுதேன். ஏட்டி, எல்லாரும் எறக்குங்க" என்றார். இறக்கினார்கள்.

பத்து மணிக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் ஸ்கூட்டரோடும் இரண்டு மாணவிகளோடும் வந்து நின்றார். எட்டுப் போடும் இடத்தில் வெண்டைக்காய் குவிந்திருந்தது. அவர் தெலுங்கில் தொடங்கினார். தமிழுக்கு வருவதற்குள் நான் வெளியே போய்விட்டேன்.

"இத்தன வருசமா நான் இங்கதாங்க ஓட்டுதேன். ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஒப்பந்தம் பேசும்போது அவரைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. அவரையும் கீரைக்காரரையும் என் வராந்தாவில் உட்கார வைத்தேன். கீரைக்காரர்தான் வழி சொன்னார். "மத்தியானம் நாங்க போயிருவோம். செத்த நேரம் கழிச்சு அய்யா வந்து ஓட்டட்டும். நாங்க ஒரு தண்டு கெடக்காம கூட்டிட்டுப் போறோம். தண்டுல ஏறுனா வண்டி வழுக்கும்லா?"

அப்படியாக மனைக்குக் காலை ஒரு வேலை, பிற்பகல் ஒரு வேலை என்றாயிற்று. சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடினார்கள். வற்றல் போடுகிறவர்களுக்கு என் மொட்டைமாடியைத் திறந்துவிட்டேன்.

என் காலைகள் மாறிப்போயின. முன்பெல்லாம் எழுந்ததும் ரேடியோவைப் போடுவேன், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று. இப்போது விடிகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஊரே பேசியது. கொத்தமல்லி வாசனை சமையலறைக்குள் வந்துவிடும். வேலையில் இருந்த காலமெல்லாம் முகம் தெரியாத குரல்களோடு பழகியவள் நான். இங்கே குரலை முதலில் கேட்டு, பிறகு ஜன்னலைத் திறந்து எந்தக் குரலுக்கு எந்த முகம் என்று பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பெரும்பாலும் தப்பாகவே சொன்னேன்.

அண்ணன் ஒழுங்கைச் சரிபார்க்க என்று வாரத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. கடைசியில் தினமும் முதல் பஸ்ஸில் வந்தார். "ஏன் அண்ணே இப்படி அலையுதீக?" என்று கேட்டால், "இடம் நம்மளது, நாமதான பாக்கணும்" என்பார். காரணம் வேறு என்று எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்தது. கீரைக்காரரின் இளைய மகன் ராணுவத்தில் சேர்ந்திருந்தான். வடக்கே எங்கோ மலையில் முதல் போஸ்டிங். போனில் அவன் சொல்லும் ஊர்ப்பெயர்கள் அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. அண்ணனுக்கு அந்த ஊர்கள் தெரியும்.

"அங்கன குளிரு எம்புட்டு இருக்கும்யா?"

"இருக்கத்தான் செய்யும். கோட்டு குடுப்பாக, உள்ளுக்குப் போடக் கம்பளி குடுப்பாக. நீங்க பயப்படாதீக."

"சோறு கெடைக்குமா?"

"ரொட்டிதான் ஜாஸ்தி. நம்ம ஆளுக நாலு பேரு சேந்தா சோறு பொங்கிருவாக. நான் அங்க இருந்தப்ப ரசமே வச்சிருக்கேன்."

முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே அவர் கேட்பார். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதில் சொல்வார். வீட்டில் அண்ணிக்கும் எனக்கும் சொல்லாத ராணுவக் கதையையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மனை ரோட்டைவிடத் தாழ்வு. ஒரு காலை ஜன்னலைத் திறந்தபோது கட்டங்களும் கோடுகளும் தண்ணீருக்குள் போயிருந்தன. கரண்டைக்கால் நனைய, தலையில் கூடையோடு பெண்கள் நின்றார்கள். கீழே வைக்க இடமில்லை, திரும்பிப் போகப் பஸ் இல்லை. ஒரு கட்டு அகத்திக்கீரை தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

வாசல் கேட்டைத் திறந்தேன். "எல்லாரும் உள்ள வாங்க" என்றேன். வராந்தா நிறைந்தது. பிறகு வரவேற்பறை. சோபாவை ஓரம் தள்ளினோம். டிவிக்குக் கீழே தக்காளி, அலமாரிக்குப் பக்கத்தில் புடலங்காய். கொஞ்ச நேரத்தில் தெருக்காரர்கள் குடையோடு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என் வீட்டுக்குள் கத்தரிக்காய் பேரம் பேசினார்கள். ஒரு புதுப்பெண், நான்தான் கடைக்காரி என்று நினைத்துக் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டாள். கொடுத்தேன்.

அண்ணன் மழைக்கோட்டில் வந்து இறங்கினார். என் வீட்டு வரவேற்பறையைப் பார்த்தார். பின்பக்கம் போய் மண்வெட்டியை எடுத்தார். டிரைவிங் ஸ்கூல்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தகவல் கேட்டு ஆய்வாளர் இரண்டு பணியாளர்களோடு வந்தார். மனையிலிருந்து சாக்கடை வரை கால்வாய் வெட்டினார்கள். வெட்டும்போது பழைய கிட்டங்கிச் சுவரின் செங்கல் மண்ணுக்குள்ளிருந்து வண்டி வண்டியாகக் கிளம்பியது. அதையே உடைத்து, தாழ்வான பக்கம் பரப்பி மிதித்தார்கள். மழை விட்ட பிறகு அந்த இடம் ரோடு போல் கெட்டியாகிவிட்டது. அன்றைக்கு நான் எத்தனை தடவை டீ போட்டேன் என்று தெரியாது. பால் தீர்ந்து கடைசியில் எல்லாரும் வறட்டீ குடித்தார்கள். அந்த ஈர நாளைப்போல எனக்குப் பிடித்த நாள் அந்த வருடத்தில் வேறில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு சங்கடம் வந்தது. மனையின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த ஒரு செங்கல்லை ஒரு காலையில் பார்த்தேன். முன்னால் சூடம் கொளுத்திய கறுப்பு. அண்ணனும் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது" என்றார். "கம்பு நடக்கூடாதுன்னு சொன்னேன். சாமிய நட்டுட்டாக. இதுக்கு மேல யாரு எடுக்க முடியும்? நாம சர்ச்சுக்குப் போற ஆளுக. நாம அதத் தொட்டா ஊரு என்ன பேசும்? வருசம் திரும்பினா அங்க மேடை வரும், மணி வரும்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் அவர்கள் மனம் நோகக்கூடாது. இன்னொரு பக்கம், இந்த ஒரு செங்கல்லுக்காக அண்ணன் எல்லாரையும் வெளியேற்றச் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. ஆய்வாளரைக் கூப்பிட்டால் அது அலுவலக விஷயமாகிவிடும். ஆகவே நானே போனேன். மத்தியானம், எல்லாரும் கூடை கட்டுகிற நேரம். கீரைக்காரர் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அகத்திக்கீரை விலை கேட்டேன்.

"அக்கா, நீங்க கீரைக்கு வரல" என்றார் அவர்.

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அண்ணனின் பயத்தையும் என் பயத்தையும். அவர் கேட்டுக்கொண்டார். முகம் வாடியது. "ஏவாரம் தொடங்குமுன்ன ஒரு கும்பிடு போட்டுக்கிடுவோம்னு நான்தான் வச்சேன். பழைய சந்தையில தூணோரமா ஒண்ணு இருந்துச்சு. இங்க ஒண்ணும் இல்லாம மனசு கேக்கல. இப்படி நெனைப்பீகன்னு தெரியாதுக்கா."

"கும்பிடுறத வேண்டாம்னு சொல்ல வரல" என்றேன்.

"புரியுது."

அவர் எழுந்து மரத்தடிக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து கும்பிட்டார். செங்கல்லைத் தூக்கி, மேலே ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, காலிக் கூடைக்குள் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். அவர் திரும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நாம காலையில வந்து மத்தியானம் போற ஆளுக. நம்ம சாமியும் நம்ம கூடயே வந்துட்டு நம்ம கூடயே போகட்டும். அதுவும் தரைக்கடைதான்!"

சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து அந்தச் செங்கல் தினமும் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தது. காலையில் மரத்தடியில் இருக்கும். மத்தியானம் கூடையில் போகும். ஒருநாள் கூடை கனமாக இருக்கிறதென்று அண்ணனே அதைப் பஸ் நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போனார். நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது.

மறு கோடையில் கீரைக்காரரின் மகன் விடுப்பில் வந்தான். அம்மாவுக்குக் கூடை தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தவன், அண்ணனைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். சுற்றிலும் வெங்காயச் சருகு. அண்ணன் வேட்டியிலும் ரப்பர் செருப்பிலும் இருந்தார். அவரும் நிமிர்ந்து பதில் சல்யூட் அடித்தார். பிறகு இருவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். கீரைக்காரர் ஒரு வார்த்தையும் புரியாமல், ஆனால் எல்லாம் புரிந்தவர் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அவரிடம் யார் கீரை கேட்டாலும் ஒரு கட்டு கூடுதலாகப் போட்டார்.

அந்த நாட்களில்தான் எனக்கு இன்னொரு காரியமும் நடந்தது. பிற்பகலில் ஜன்னலோரம் நின்று ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருநாள், "எத்தன நாளைக்குங்க பாத்துக்கிட்டே இருப்பீங்க? வந்து ஏறுங்க" என்றார். இந்த வயதிலா என்று கேட்டேன். "வண்டி வயசு கேக்காதுங்க" என்றார். ஏறினேன். முதல் வாரம் வேப்பமரத்தை நோக்கியே வண்டி போனது. "மெல்லகா! மரம் எங்கயும் ஓடாது, நீங்கதான் திரும்பணும்!" சொந்த மனையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். மறுநாள் கீரைக்காரர் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொண்டுவந்து தடவினார். சில வாரங்களில் எட்டு வந்துவிட்டது; சொந்தமாக ஒரு ஸ்கூட்டரும் வாங்கினேன். மகளிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். அவள் "அம்மா, ஹெல்மெட்!" என்றுதான் முதலில் கத்தினாள்.

புதுச் சந்தை சொன்ன சமயத்துக்கு முடியவில்லை. கட்டட வேலையென்றால் அப்படித்தான். ஆய்வாளர் தயங்கித் தயங்கி வந்து, இன்னும் கொஞ்ச காலம் நீட்டித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அக்கினி வெயிலு வருது. கம்பு நடாம நெழலுக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க. பொறவு கையெழுத்துப் போடுதேன்" என்றார் அண்ணன். அவரே யோசனையும் சொன்னார். எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வேப்பமரத்துக்குக் கயிறு கட்டி, காலையில் பச்சை வலையை இழுத்துவிடுவது, மத்தியானம் சுருட்டிவிடுவது. நிபந்தனையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வலை இழுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அடுத்த தை மாதம் புதுச் சந்தை திறந்தது. தரைக்கடைக்காரர்களுக்கும் உள்ளே மேடை ஒதுக்கியிருந்தார்கள். போகிற நாளன்று எல்லாரும் சேர்ந்து மனையைக் கூட்டினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் எல்லாருக்கும் பூந்தி வாங்கிவந்தார். ஆய்வாளர் முறைப்படி இடத்தை ஒப்படைப்பதாகச் சொல்லி அண்ணன் கையைக் குலுக்கினார். கீரைக்காரர் செங்கல்லைக் கூடையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"வாரேன்யா. வாரேங்க்கா. சந்தைக்கு வந்தா என்கிட்டதான் வரணும்."

"ஒழுங்கு தப்பாம இருக்கணும்" என்றார் அண்ணன்.

அவர்கள் போன பிறகு மனையைச் சுற்றி நடந்து பார்த்தார். ஒரு ஆணி இல்லை. ஒரு தண்டு இல்லை. வெகுநேரம் அங்கேயே நின்றார். அன்று சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

ஒரு மாதம் போலக் காலை நேரத்தில் மனை சும்மா கிடந்தது. வழக்கம்போல ஆடுகள் வந்தன. அண்ணன் தினமும் காலையில் போன் செய்தார். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்பார். யாருமில்லை என்பேன். "முள்ளு மொளைச்சிரும்டி, பாத்துக்க" என்று வைத்துவிடுவார். எனக்கும் விடிகாலையில் ஜன்னல் பக்கம் போக மனம் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புதுச் சந்தைக்குப் போனேன். மேடையில் உயரமாக உட்கார்ந்திருந்த கீரைக்காரர், "இங்க மழைப் பயம் இல்லக்கா. கழுத்தும் வலிக்கல, ஆளு மொகத்த நேராப் பாக்கலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் நன்றாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கலக்கம் போய்விட்டது. முகவரி மாறினதற்காக வருத்தப்படுவானேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

இந்த முறை அண்ணனே ஆய்வாளருக்குப் போன் போட்டிருக்கிறார். மாம்பழச் சீசன் வருகிறதே, மலையடிவாரத் தோப்புக்காரர்கள் ரோட்டோரம் குட்டி வண்டிகளை நிறுத்தி இடைஞ்சலாக விற்கிறார்களே, அவர்களுக்கு இடம் வேண்டுமா என்று. ஆய்வாளர் நம்பவில்லையாம். "அய்யா, நீங்களேவா கேக்குதீக?" என்றாராம். சீசன் முடியும் வரை, அதே நிபந்தனை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் இறங்குகிறது. வீடு முழுக்க வாசனை. பழத்துக்கு அடியில் போடும் வைக்கோலை மரத்தடியில் குவிக்கலாமா கூடாதா என்று அண்ணன் ஒரு தோப்புக்காரரோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். குரல் ஏறுவதைப் பார்த்தால் இப்போதைக்கு முடியாது போலிருக்கிறது. டீயை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பொங்குவதற்குள் போக வேண்டும்.